போர்ட்டபிள் ஜெனரேட்டரை வைத்துப் படகில் ஏசி ஓட்டலாமா? எத்தனை வாட் வேண்டும்?

ஓடும். நானே இரண்டு கோடை ஓட்டியிருக்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை.

கேள்வி கேட்டவரிடம் ஒரு சின்ன கேபின் படகு இருக்கிறது. நங்கூரம் போட்டு இரவு தங்கினால் புழுக்கம் தாங்கவில்லையாம். 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் படகில் ஏற்றினால் போதுமா என்கிறார். வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம்.

ஏசியின் குளிர்விக்கும் திறனை பிடியு (BTU) என்ற அளவில் சொல்வார்கள். 5000 பிடியு ஜன்னல் ஏசி ஓடும்போது 450 முதல் 500 வாட் இழுக்கும். 12,000 பிடியு, அதாவது ஒரு டன், 1100 அல்லது 1200 வாட் பக்கம் வரும். கடல்நீரால் குளிரும் படகு ஏசி என்றால் அதன் தண்ணீர் பம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் ஜெனரேட்டரில் 2000 என்று அச்சடித்திருப்பது கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்சம். தொடர்ந்து தருவது 1600 வாட் இருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருக்க அது தாராளம்.

தகராறு, ஏசி கிளம்பும்போதுதான். பழைய ரக கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்குள் நான்கைந்து மடங்கு கரண்ட் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகும், பிறகு ‘டக்’ என்று ரிலே விழும், சில நிமிடம் கழித்து மறுபடி முனகும். இதற்கு ஜெனரேட்டரின் ஈகோ மோடை அணைத்துவிடுங்கள். அதில் இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதால், கம்ப்ரஸர் திடீரென்று கேட்கும்போது வேகம் எடுப்பதற்குள் ட்ரிப் ஆகிவிடும். நீளமான, ஒல்லியான எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம். ஒரு டன் ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினால் கிளம்பும் கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் அதுவே மெல்ல வேகம் எடுக்கும், இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, இந்த ரக ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது. படகின் ஷோர் பவர் சாக்கெட்டில், அதாவது கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாக்கெட்டில், செருகியதும் வயர்கள் இடம் மாறியிருப்பதாக எச்சரிக்கும் ரிவர்ஸ் போலாரிட்டி விளக்கு மினுங்கலாம். வயரை மாற்றிப் போட்டு நீங்களாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், படகு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, வாட் கதை இவ்வளவுதான். நான் நிறுத்திய காரணம் வேறு.

ஜெனரேட்டரைப் படகின் அமரத்தில், அதாவது பின்பக்கம், குளிக்க இறங்கும் பலகையின் மேல் கட்டிவைத்திருந்தேன். நங்கூரம் போட்ட படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். காற்று முன்பக்கமான அணியத்திலிருந்து வந்து பின்னால் போகும், புகையும் அதோடு கடலுக்குப் போய்விடும் என்பது என் கணக்கு. முதல் கோடை முழுக்க அந்தக் கணக்கு தப்பவில்லை. இரண்டாவது கோடையில் ஒரு ராத்திரி, ஒரு மணி இருக்கும், காற்று விழுந்துவிட்டது. நீரோட்டம் திரும்பியது. காற்று இல்லாதபோது படகு நீரோட்டத்தின் பேச்சைத்தான் கேட்கும். மெல்லச் சுழன்று நின்றுவிட்டது, மிச்சமிருந்த இளங்காற்று இப்போது பின்பக்கத்திலிருந்து நேராகக் கேபின் கதவுக்குள்.

மனைவி எழுந்து தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றாள். “ஆட்டம் ஒத்துக்கல, படுத்தா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு நான் திரும்பிப் படுத்தேன். எனக்கும் நெற்றிப்பொட்டில் லேசாகத் தெறித்துக்கொண்டுதான் இருந்தது. அரைமணி கழித்துக் கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. திரையில் 164 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 164 பங்கு. மேலே போய் ஜெனரேட்டரை அணைக்கும்போது கால் தள்ளாடியதற்கு அலை காரணமில்லை, கடல் கண்ணாடி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. நான் வைத்திருந்தது தரையில் நிற்கும் ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி. கேபின் காற்றையே இழுத்துச் சூடாக்கி அந்தக் குழாய் வழியாக வெளியே தள்ளும். உள்ளே அழுத்தம் குறையும், அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் உள்ளே வரும். என் ஏசி அன்றைக்கு ஜெனரேட்டர் புகையை வேலைமெனக்கெட்டு உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஏசியோ படகு ஏசியோ இப்படி உறிஞ்சாது. அதற்காகப் புகை உள்ளே வராது என்று அர்த்தமில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் விடும் அளவு நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. கார்களில் அதைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உண்டு, இவற்றில் சாதாரணமாக இருக்காது. படகில் கூடுதல் ஆபத்து, அறிகுறிகள் அச்சு அசலாகக் கடல் மயக்கம் மாதிரியே இருப்பது. தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு. தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

அன்று விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பார்த்தேன், 98 காட்டியது. அப்பாடா என்று இருந்தது. கரைக்குப் போய் மருத்துவரைப் பார்த்தபோது அவர் அதை ஒதுக்கிவைத்துவிட்டார். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். ரத்தப் பரிசோதனை செய்து, மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுத்து, இரண்டு பேரையும் பல மணி நேரம் படுக்கவைத்தார்.

பெட்ரோல் தனிக் கதை. இந்த ஜெனரேட்டர்களின் டேங்க் நாலு லிட்டருக்குள்தான். நல்ல லோடில் மூன்று நான்கு மணி நேரத்தில் காலி. அப்படியானால் நடுராத்திரி, ஆடுகிற படகில், சூடான சைலன்ஸர் பக்கத்தில் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், சிந்தியது படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். படகுக்கென்று செய்த பெட்ரோல் இன்ஜின்களில் தீப்பொறி வெளியே வராதபடி மின்பாகங்களை மூடியிருப்பார்கள். தரை ஜெனரேட்டரில் அந்த ஏற்பாடு இல்லை.

கார்பன் மோனாக்சைடு சென்சார் வைத்துத் தானே அணைந்துகொள்ளும் ஜெனரேட்டர்கள் இப்போது வருகின்றன. நல்லதுதான், ஆனால் சென்சார் இருப்பது ஜெனரேட்டரில். காற்று புகையை அங்கிருந்து கேபினுக்குள் தள்ளிக்கொண்டுபோனால் சென்சாருக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். பின்னால் கட்டி இழுக்கும் டிங்கியில், அதாவது குட்டிப் படகில், வைக்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான், டிங்கியும் சுற்றத்தான் செய்யும்.

இப்போது என் படகில் 5000 பிடியு ஜன்னல் ஏசி, 12.8 வோல்ட் 300 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர். படுக்கும் கேபினை மட்டும் குளிரவைக்கிறேன். கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை கிலோவாட் ஹவருக்குள் முடிகிறது, பேட்டரியில் இருப்பது 3.8. செலவு ஜெனரேட்டரைவிட நிறையவே அதிகம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் பகலிலேயே மேல்தளத்துக்கு மேலே துணிப்பந்தல் கட்டி, கண்ணாடிகளுக்கு வெளியிலிருந்து மறைப்பு போட்டதும் ஏசியின் வேலையே குறைந்துவிட்டது. அதை முதல் கோடையிலேயே செய்திருக்கலாம். பெரிய படகு, பெரிய ஏசி என்றால் நிரந்தரமாகப் பொருத்தும் டீசல் ஜென்செட் பாருங்கள். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு, ஆனாலும் அலாரம் கட்டாயம்.

அலாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு, ஐந்திலிருந்து பத்து வருடம், பின்பக்கம் தேதி போட்டிருப்பார்கள். அன்றைக்குக் காலையில்தான் என்னுடையதை முதல் தடவையாகக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் நாலு மாதம் இருந்தது.