கேள்வி பதில்: தற்காப்பும் தாக்குதலும்

கேள்வி: தன் இராணுவக் கோட்பாடு தற்காப்புக்கானது என்றே சோவியத் ஒன்றியம் எப்போதும் கூறிவந்தது. அப்படியிருக்க, 1987ஆம் ஆண்டில் அது தற்காப்புக்கு மாறிவிட்டதாக எப்படிச் சொல்ல முடியும்? வெறும் பிரசாரம்தானா?

பதில்: பிரசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சோவியத் கோட்பாட்டுக்கு அரசியல், இராணுவத் தொழில்நுட்பம் என்ற இரண்டு தளங்கள் உண்டு. நாங்கள் போரைத் தொடங்க மாட்டோம் என்பது அரசியல் தளம். போர் மூண்டுவிட்டால் அதை எப்படி நடத்துவது என்பது இரண்டாவது தளம்; அதை விரைந்து எதிரியின் மண்ணுக்கே கொண்டுசென்று முடிக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகத் தளபதிகள் பயின்ற பாடம். ஆகவே, பேச்சில் தற்காப்பும் களத்தில் தாக்குதலும் முரண்பாடின்றிச் சேர்ந்து வாழ்ந்தன. 1987 மே மாதம் கிழக்கு பெர்லினில் கூடிய வார்சா உடன்படிக்கை நாடுகள் (சோவியத் தலைமையிலான இராணுவக் கூட்டணி), பாதுகாப்புக்குத் தேவையான அளவு படையே போதும் என்று அறிவித்தபோதுதான் இரண்டாவது தளத்திலும் கை வைக்கப்பட்டது.

அறிவிப்பைவிட, எந்தப் படை எங்கிருந்து விலக்கப்பட்டது என்பதையே நான் சான்றாகக் கொள்வேன். 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பேசிய சோவியத் தலைவர் கோர்பச்சேவ், இராணுவத்தில் 5 லட்சம் பேரைக் குறைப்பதாகவும், கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலிருந்து 6 டாங்கி டிவிஷன்களை 1991க்குள் விலக்கிக் கலைப்பதாகவும் அறிவித்தார். அதே உரையில், பலருடைய கவனத்துக்கு வராமல் போன இன்னொரு செய்தியும் இருந்தது: தாக்குதலில் தரையிறங்கும் துருப்புகளும், ஆறுகளைக் கடந்து முன்னேற உதவும் பிரிவுகளும் தம் கருவிகளோடு திரும்பப் பெறப்படும் என்றார். டாங்கி தற்காப்புக்கும் உதவும். ஆனால், எதிரியின் பக்கமுள்ள ஆற்றைக் கடப்பதற்கான தளவாடம் முன்னேறிச் செல்லும் படைக்கே முதன்மையாகத் தேவைப்படும்.

கேள்வி: தற்காப்பை மட்டும் நம்பி ஒரு வல்லரசு போரில் வெல்ல முடியுமா?

பதில்: அன்றைய சோவியத் விவாதத்தின் மையமே இதுதான். கொகோஷின், லாரியோனொவ் ஆகிய ஆய்வாளர்கள் 1943ஆம் ஆண்டின் குர்ஸ்க் போரை முன்னுதாரணமாகக் காட்டினர். ஜெர்மானியத் தாக்குதல் வரப்போவதை அறிந்த சோவியத் இராணுவமான செஞ்சேனை, முந்திக்கொண்டு தாக்காமல், பதுங்குகுழிகளும் கண்ணிவெடிகளும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் கொண்ட அடுக்கடுக்கான அரண்களை அமைத்துக் காத்திருந்தது. ஜூலை 5 அன்று தொடங்கிய தாக்குதல் அந்த அரண்களில் சிக்கித் தேய்ந்தது. ஆனால், வெற்றியை முழுமையாக்கியது ஜூலை 12 அன்று ஓரெல் திசையிலும், ஆகஸ்ட் 3 அன்று பெல்கோரத் திசையிலும் தொடங்கிய எதிர்த்தாக்குதல்களே. அதற்குத் தேவைப்படும் படை வலிமை அண்டை நாட்டை அச்சுறுத்தவும் போதுமானது என்பதால், எதிர்த்தாக்குதல் எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதே சிக்கலாயிற்று.

சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு நிலைமை வேறு திசையில் திரும்பியது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்று 1982இல் தரப்பட்டிருந்த வாக்குறுதியை, 1993ஆம் ஆண்டின் ரஷ்யக் கோட்பாடு கைவிட்டது. அணு ஆயுதம் சாராத மரபுவழிப் படைகள் நலிந்த நிலையில், அந்த இடத்தை நிரப்பும் சுமை அணு ஆயுதத்தின் மேல் விழுந்தது.