இயற்கைக் காட்சியையும் தொழிற்சாலைக் காட்சியையும் பார்த்து அலங்கார விளக்கு வடிவமைப்பது எப்படி? சிங்கப்பூரில் எதிலிருந்து தொடங்கலாம்?

உருவத்தை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, எது அதை மறைக்கிறது என்று பாருங்கள். 12 வருடமாக வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விளக்கு செய்து கொடுக்கிறேன். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு முதல் 3 வருடம் போனது.

சுங்கை பூலோ சதுப்புநிலத்தைப் பார்த்துவிட்டு வந்து நான் செய்த முதல் விளக்கு, அக்ரிலிக்கில் வெட்டிய அலையாத்தி மரம். வேர், கிளை, இலை எல்லாம் இருந்தது. பின்னால் ஸ்ட்ரிப் லைட் ஒட்டியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "கடை போர்டு மாதிரி இருக்குய்யா" என்றார். அவர் சொன்னது சரிதான். மரம் இருந்தது, சதுப்புநிலம் இல்லை.

திரும்பவும் போனேன். இந்த முறை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, நீர் ஏறிவரும் நேரம். மூச்சு வேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி சேற்றில் நின்றன. அவற்றுக்கு நடுவே அரை அடித் தண்ணீர். சாய்ந்த வெயில் அந்தத் தண்ணீரில் பட்டு மேலே திரும்பி, அடிமரத்திலும் இலைகளின் அடிப்புறத்திலும் வலை வலையாக நெளிந்துகொண்டிருந்தது. கீழிருந்து மேலே போகும் வெளிச்சம், அதுவும் அசைகிற வெளிச்சம். எடுத்துவர வேண்டியது இதைத்தான் என்று அங்கே நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

இதை நீங்கள் இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகக் காட்டித் தாம்பாளத்தை மெல்லத் தட்டுங்கள். கூரையில் சதுப்புநிலம் ஓடும். அடுத்து ஸ்ட்ரிப் லைட்டைக் காட்டிப் பாருங்கள், நெளிவெல்லாம் கரைந்து கூரை வெறுமனே வெளுத்துப்போகும். காரணம் எளிது. சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான், அதனால்தான் அலையின் கோடு கூர்மையாக விழுகிறது. வெளிச்சம் கிளம்பும் இடம் பெரிதானால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழிந்துவிடும். ஆகவே என் விளக்கில் ஒரே ஒரு சிறு எல்இடி, 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). தண்ணீருக்குப் பதில் சுத்தியலால் தட்டிய பித்தளைத் தகடு. தகடு சுற்றி வர 4 நிமிடம் ஆகிற மாதிரி ஒரு மெதுவான மோட்டார். வேகம் கூடினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

தொழிற்சாலைக் காட்சிக்கு ராத்திரியில் லேப்ரடார் பூங்காவுக்குப் போங்கள். எதிரே கடலுக்கு அப்பால் புலாவ் புக்கோம் தீவு தெரியும். 1961 முதல் அங்கே எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். பலர் இதைப் படம் எடுத்துவந்து குழாய், வால்வு, கம்பிக்கூண்டு என்று விளக்கு செய்கிறார்கள். கம்பிக்கூண்டு போட்ட பல்பு இப்போது பாதிக் காப்பிக் கடைகளில் தொங்குகிறது. எனக்கு அதில் ஆலை தெரியவில்லை. அங்கே நின்று பார்த்தால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி இருட்டுதான். அதற்குள் ஏணிக்கும் படிக்கட்டுக்கும் போட்ட சின்னச் சின்னப் புள்ளி விளக்குகள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கோபுரத்தின் உயரத்தையே கண் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் கடலில் நீளமான செங்குத்துக் கோடாக இழுபடுகிறது.

அந்தக் கோட்டைக் கொண்டுவர வரிக் கண்ணாடி போதும், அதாவது ஒரே திசையில் வரி வரியாக மேடு எழுந்த கண்ணாடி. இதில் நான் ஒருமுறை தவறி, வெட்டிய 6 துண்டுக் கண்ணாடியை வீணாக்கினேன். கண்ணாடியின் வரி நிமிர்ந்திருந்தால் வெளிச்சக் கோடு படுத்துக்கொள்ளும். வரியைப் படுக்கவைத்தால் கோடு நிமிரும். வெட்டக் கொடுக்கும் முன் ஒரு சிறு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிடுங்கள். இரும்புக் குழாயில் 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, உள்ளே மங்கலான வெளிச்சம் வைத்து, முன்னால் அந்தக் கண்ணாடியை நிறுத்தினேன். என் அப்பா புக்கோமில் பல வருடம் ஒப்பந்த வேலை பார்த்தவர். விளக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு படகுல திரும்பிப் பார்த்தா இப்படித்தான்" என்றார். எந்த இடம் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

நிறத்தையும் அந்த இடத்திலிருந்தே எடுங்கள். பழைய சோடியம் தெரு விளக்கு சுமார் 2000 கெல்வின். அதன் கீழே சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒன்றாகப் பழுப்பேறித் தெரியும். துறைமுகமும் கிடங்கும் நம்மில் பலருக்கு நினைவில் ஆரஞ்சாக இருப்பது அதனால்தான். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்த நிறம் வேண்டாம், குழம்பே நிறம் மாறிப்போகும்.

ஒரு முன்னோடியைப் பார்க்க விரும்பினால் ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி. 1951இல் ஜப்பானின் கிஃபுவுக்குப் போனவர், அங்கே நாகரா ஆற்றில் நீர்க்காகம் வைத்து மீன் பிடிப்பதைப் பார்த்தார். அந்த ஊரின் காகித விளக்குத் தொழிலிலிருந்துதான் அவருடைய 'அகாரி' விளக்குகள் பிறந்தன. அவற்றில் ஆறும் இல்லை, படகும் இல்லை. மல்பெரி பட்டைக் காகிதத்தின் வழியே கசியும் வெளிச்சம் மட்டும்தான். நம் ஊர் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஏர்கான் இல்லாத அறைக்கு நான் காகிதத்தைப் பரிந்துரைப்பதில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தப்போகிறீர்கள் என்றால், 230 வோல்ட் வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனிடம் விட்டுவிடுங்கள். மேசைமேல் வைக்கும் மாதிரிக்குப் பாதுகாப்பு முத்திரை உள்ள 24 வோல்ட் அடாப்டர் போதும். நான் இன்றைக்கும் அதில்தான் செய்து பார்க்கிறேன்.