ஃபிஷ் சோதனையில் 17பி இழப்பு இல்லை, ஆனால் டிபி53 பிறழ்வு உண்டு: எதை நம்புவது?

வணக்கம். தங்கள் தந்தையாரின் நாட்பட்ட லிம்போசைட்டிக் இரத்தப் புற்றுநோய்க்குச் செய்த ஃபிஷ் சோதனையில் 13க்யூ இழப்பு (13ஆம் குரோமோசோமின் நெடுங்கையில் ஒரு பகுதி உதிர்வது) மட்டும் தெரிகிறது, மரபணு வரிசையாக்கத்திலோ டிபி53 என்ற மரபணுவில் பிறழ்வு வந்துள்ளது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நம்பலாம்.

ஃபிஷ் சோதனை, 17ஆம் குரோமோசோமின் குறுங்கையில் (17பி) டிபி53 அமைந்த பகுதி இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா என்பதை ஒளிரும் புள்ளிகளாக எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. மரபணுவுக்குள் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது அதன் கண்ணில் படாது. டிஎன்ஏ சிதைந்த செல்லை மடியச் செய்யும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணுதான். ஃப்ளூடராபின் போன்ற கீமோ மருந்துகள் அந்தப் புரதத்தின் துணையோடுதான் பெருமளவு வேலை செய்கின்றன என்பதால், பிறழ்வு உள்ளவர்களுக்கு அவை சரியாகப் பலன் தருவதில்லை. பிடிகே என்ற நொதியைத் தடுக்கும் அகாலாப்ருட்டினிப், சானுப்ருட்டினிப் போன்ற மருந்துகளும் வெனிடோகிளாக்ஸும் வேறு வழியில் செயல்படுகின்றன. சிகிச்சை தேவைப்படும்போது இவற்றைப் பற்றியே பேசுங்கள்.

13க்யூ இழப்பு இந்நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் காணப்படுவது. தனித்திருந்தால் நல்ல அறிகுறிதான், ஆனால் டிபி53 பிறழ்வு உடனிருக்கும்போது மருந்துத் தேர்வை முடிவு செய்வது பின்னதே.

வரிசையாக்கிய டிஎன்ஏ பிரதிகளில் எத்தனை சதவீதத்தில் பிறழ்வு உள்ளது என்று அறிக்கையில் பாருங்கள். 10 சதவீதத்துக்கும் குறைவானால் அதன் பொருளை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஐஜிஎச்வி சோதனை (நோய்ச் செல்களின் எதிர்பொருள் மரபணுவில் மாற்றங்கள் உண்டா என்று பார்ப்பது) ஒருமுறை செய்தால் போதும், அது மாறுவதில்லை; டிபி53 நிலையை ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கு முன்பும் மீண்டும் பார்க்க வேண்டும். தந்தையாருக்கு அறிகுறிகள் இல்லை என்று எழுதியுள்ளீர்கள். அப்படியானால், இப்பிறழ்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் உடனே மருந்து தொடங்குவது வழக்கமில்லை.