நிறுவியாச்சு, கட்டளையைக் காணோம்: லினக்ஸ் கேள்வி பதில்

தேவகோட்டை மாணவர்: அண்ணே, உபுண்டு லினக்ஸில், பைத்தான் கருவிகளை நிறுவும் ‘பிப்’ மூலம் ஒரு கருவி நிறுவினேன். கூப்பிட்டால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. மறுபடி நிறுவட்டுமா?

வேண்டாம் தம்பி. கருவி வட்டில்தான் இருக்கிறது, நாம் தட்டும் கட்டளையை ஓட்டும் ஷெல் அந்த இடத்தில் தேடவில்லை. பாத் என்பது தேட வேண்டிய ஃபோல்டர்களின் வரிசை. நம் வீடுகளில் ஆளைத் தேடினால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போவோமே, அதே மாதிரி. முதலில் கிடைத்ததோடு தேடல் நின்றுவிடும். பழைய பதிப்பு முன்னால் இருந்தால் அதுதான் ஓடும். பிப் பெரும்பாலும் உங்கள் ஹோம் ஃபோல்டரில், ‘டாட் லோக்கல்’ என்பதற்குள் ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைக்கும். அது இப்போதுதான் உருவாகியிருந்தால் லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள், உபுண்டுவே பாத்தில் சேர்த்துக்கொள்ளும்.

அதே மாணவர்: ஷெல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் நானே அந்த ஃபோல்டரைப் பாத்தாக எழுதிவிட்டேன். இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கூட வரவில்லை!

பழைய பட்டியலைக் குறிக்கும் டாலர் பாத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள், பட்டியலே போய்விட்டது. பாத்தை அமைக்கும் எக்ஸ்போர்ட் கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருப்பதால் அது இன்னும் ஓடும். அதை வைத்து ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பின்’, மேல்மட்டத்தில் இருக்கும் ‘பின்’ ஆகிய இரு ஃபோல்டர்களையும் பாத்தில் கொடுத்துவிட்டு, கோப்பைத் திருத்துங்கள்.

காரைக்குடி ஸ்டூடியோ: கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்தேன். அதைக் கழற்றினால் கணினி எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

90 விநாடி காத்துப் பார்த்துவிட்டு அப்படி நிற்கும். டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ என்பதை அந்த வரியில் சேருங்கள். எஸ்டிபி1 போன்ற டிஸ்க் பெயர் மாறக்கூடியது, அதனால் அதற்கே உரிய அடையாளமான யூயூஐடி போடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பர்மா காலத்துக் கணக்கு ஏடுகளை ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். பேரன் புது டிஸ்க்கை அதே ஃபோல்டரில் மவுண்ட் செய்தான், அதாவது இணைத்தான். எல்லாம் காணோம், தம்பி.

ஆச்சி, பதற வேண்டாம், ஏடுகள் அழியவில்லை. கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்தால் அவை அடியில் மறைந்துவிடும், பாய்க்கு அடியில் வைத்த காகிதம் போல. வட்டு இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை கொடுத்தால் உள் வட்டில் அந்த இடம் இன்னும் நிரம்பியே இருப்பது தெரியும். மீட்பு மென்பொருள் எதையும் நிறுவ விடாதீர்கள். பேரனை அந்த ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்த்து, இணைப்பை விடுவிக்கும் ‘யூமவுண்ட்’ கொடுக்கச் சொல்லுங்கள். யூவுக்குப் பின் என் கிடையாது, பலர் அங்கேதான் தவறுகிறார்கள். ‘பிஸி’ என்றால் திறந்திருக்கும் ஜன்னல்களை மூடச் சொல்லுங்கள். ஏடுகள் கண்ணில் பட்டதும், புது டிஸ்க்குக்கு வெற்று ஃபோல்டர் ஒன்று உருவாக்கி அங்கே மவுண்ட் செய்யட்டும். பிறகு நகலெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வரை பழையதை அழிக்க வேண்டாம்.