ஆபரேஷனுக்கு முன்னால் வரும் பயத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

அடுத்த வாரம் பித்தப்பை ஆபரேஷன், ராத்திரியில் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே பித்தப்பைக் கல்தான், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் அதே லேப்ராஸ்கோப்பிதான்.

கத்தியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, மயக்க மருந்துதான் பயம். பாதியில் முழிப்பு வந்துவிட்டால்? முழிப்பே வராவிட்டால்? சொன்னால் சிரிப்பார்களோ என்று பத்து நாள் உள்ளேயே வைத்துப் புழுங்கினேன். அந்தப் பத்து நாளும் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர்கள் எல்லாம் யாருக்கோ டேபிளில் என்ன ஆனது என்று ஒரு கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். பல் ஏதாவது ஆடுகிறதா, வாயை எவ்வளவு திறக்க முடிகிறது, ஆஸ்துமா உண்டா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவரிடம் சட்டென்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊசி போட்டுட்டுப் போயிட மாட்டேம்மா, முடியுற வரைக்கும் உங்க தலைமாட்டிலேயேதான் இருப்பேன்" என்றார். நாடி, பிபி, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்களாம். நானோ ஒரே ஊசி, அது எத்தனை மணி நேரம் தாங்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அன்று ராத்திரி தூங்கினேன். அதனால் நீங்களும் அவரிடமே கேளுங்கள், 'பயமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லாமல் எது பயம் என்று சொல்லுங்கள். தூக்க மாத்திரை நீங்களாக வாங்கிப் போட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

காலையில் 9 மணி என்றார்கள், அவசர கேஸ் ஒன்று வந்ததால் என்னை அழைத்தது ஒன்றரைக்கு. அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கு வறண்டு கிடந்தது. (மயக்க மருந்துக்கு முன்னால் திடமான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும் என்பதுதான் இப்போதைய பொதுவான வழிமுறை. உங்களுக்கு எப்படி என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்புறம் நர்ஸ் தாலியைக் கழற்றச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடுவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அங்கே சுட்டுவிடலாம் என்பது காரணம். மாமியார் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஒன்றை என் கழுத்தில் போட்டார்கள். நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

உள்ளே மூன்று பேர் அடுத்தடுத்து "பேரென்ன, என்ன ஆபரேஷன்" என்று கேட்டார்கள். ஆள் மாறிவிட்டதோ என்று திக்கென்றது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் அதுவும் ஒன்று என்று பிறகுதான் படித்தேன். உங்களிடம் கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மாஸ்க் வைத்தபடி அந்த டாக்டர், நேற்று வீட்டில் என்ன குழம்பு என்றார். வத்தக்குழம்பு என்று சொல்ல வாயைத் திறந்தது நினைவிருக்கிறது, சொன்னேனா என்று தெரியவில்லை.