கேள்வி – பதில்: பதிப்புரிமை ஒப்பந்தங்களும் இணைய உரிமையும்

போலிச் சரக்கையும் திருட்டுப் பிரதியையும் தடுக்கத்தானே ஆக்டா ஒப்பந்தம் வந்தது? 2012-ல் ஐரோப்பாவில் அத்தனை பேர் தெருவில் இறங்கி எதிர்த்தது ஏன்?

பெயரைப் பார்த்தால் உங்களுக்குத் தோன்றுவதுதான் எவருக்கும் தோன்றும். 'போலிப்பொருள் எதிர்ப்பு வணிக ஒப்பந்தம்' என்பது அதன் முழுப் பெயர். ஆனால் கப்பலில் வந்து இறங்கும் போலிச் சரக்கையும், ஒருவர் இணையத்தில் ஏற்றும் பாட்டுத் துணுக்கையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அதைப் பேசி முடித்த விதம் இன்னும் மோசம். 2007 அக்டோபரில் அறிவித்தார்கள். 2008 ஜூனில் முறையான பேச்சு தொடங்கியது. உலக வணிக அமைப்பிலோ உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிலோ பேசியிருக்கலாம். அங்கே வளரும் நாடுகளும் உட்கார்ந்திருக்கும், ஆவணங்களும் வெளியே வரும். அந்த இரண்டு இடங்களையும் விட்டுவிட்டு அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் உள்ளிட்ட சில தரப்புகள் மட்டும் தனியாகக் கூடின. வரைவைப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு தன்னார்வ அமைப்பு தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, தேசியப் பாதுகாப்பு கருதித் தர இயலாது என்று 2009-ல் பதில் வந்தது. பதிப்புரிமை பற்றிய ஒரு வணிக ஒப்பந்தத்துக்கு இந்தப் பதில்!

2008 மே மாதம் விக்கிலீக்ஸ் ஒரு விவாத ஆவணத்தை வெளியிட்டது. அதன்பின் வரைவுகள் துண்டு துண்டாகக் கசிந்தன. 2010 மார்ச் 10-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வெளிப்படைத்தன்மை கோரி 663-க்கு 13 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகே, ஏப்ரலில், அதிகாரபூர்வ வரைவு வெளியே வந்தது.

ஒப்பந்தத்தில் இணையத்துக்கு ஆபத்து எந்த வரியில் இருந்தது? பொதுவாகச் சொல்லாமல் பிரிவு எண்ணோடு சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. எண்ணோடு பேசத் தெரிந்தவர்களால்தான் அந்தப் போராட்டம் நிலைத்து நின்றது. நான்கு இடங்களைப் பாருங்கள்.

பிரிவு 27-ன் 3-ஆம் பத்தி, உரிமை மீறலைத் தடுக்க வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் 'ஒத்துழைப்பதை' அரசுகள் ஊக்குவிக்கவேண்டும் என்றது. படிக்க மென்மையாக இருக்கிறது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? உரிமையாளர் ஒரு நிறுவனம், இணைய இணைப்பு தருபவர் இன்னொரு நிறுவனம். இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். நடுவில் நீதிபதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மேசையிலேயே இல்லை.

அதே பிரிவின் 4-ஆம் பத்தி, ஒரு சந்தாதாரரை அடையாளம் காட்டும் விவரங்களை உரிமையாளரிடம் விரைவாகத் தரும்படி சேவை நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் பற்றியது. 'தரலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது, 'தரவேண்டும்' என்று இல்லை என அதிகாரிகள் வாதாடினார்கள். அது உண்மைதான். என்றாலும் ஒப்பந்தத்தில் ஏறிய 'லாம்', நாளை உள்நாட்டுச் சட்டம் எழுதும்போது ஆதரவு வாதமாக வந்து நிற்கும்.

பிரிவு 23 குற்றவியல் தண்டனை பற்றியது. 'வணிக அளவிலான' மீறலுக்குத் தண்டனை என்றுவிட்டு, நேரடியாகவோ மறைமுகமாகவோ பொருளாதார ஆதாயம் தரும் வணிகச் செயலெல்லாம் அதில் அடங்கும் என்றது. 'மறைமுக' என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் நீளும்? ஓரத்தில் ஒரு விளம்பரம் ஓடும் சின்னத் தளம் அதற்குள் வருமா? பிரிவில் விடை இல்லை. உடந்தையாக இருப்பதும் குற்றம் என்று 4-ஆம் பத்தி சேர்த்தபிறகு, இடம் கொடுத்த தளத்துக்கும் பயம் வந்துவிடும்.

பிரிவு 9 இழப்பீடு பற்றியது. உரிமையாளர் முன்வைக்கும் மதிப்பீட்டை, சில்லறை விற்பனை விலை உட்பட, நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்றது. இலவசமாகப் பிரதி எடுத்த ஒவ்வொருவரும் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார் என்று கணக்குப் போட இது வழி விடுகிறது. நஷ்டத் தொகை ஊதிப் பெருகுவது இப்படித்தான்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் இடையில் இருக்கும் நிறுவனத்தின் நிலை புரியும். புகார் வந்த பக்கத்தை எடுத்துவிட்டால் ஒரு பயனரின் கோபத்தோடு போகும். எடுக்காமல் விட்டால் வழக்கு, இழப்பீடு, உடந்தைக் குற்றம். எந்த நிறுவனமும் எடுத்துவிடவே செய்யும். தணிக்கை என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லாமல் தணிக்கை நடந்துவிடும்.

இந்தியா ஆக்டாவில் சேரவே இல்லையே, பிறகு ஏன் எதிர்ப்புத் தெரிவித்தது?

மருந்துக்காக. இந்தியாவில் தயாராகி பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தை 2008 டிசம்பரில் நெதர்லாந்துச் சுங்கத்துறை வழியிலேயே பிடித்துவைத்தது. அனுப்பிய நாட்டிலும் வாங்கிய நாட்டிலும் அதற்குக் காப்புரிமைத் தடை கிடையாது. இதை எதிர்த்து 2010 மே மாதம் இந்தியாவும் பிரேசிலும் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. ஆக்டா இந்த வழக்கத்தை உலக விதியாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. இறுதி வாசகத்தின் அடிக்குறிப்பில் எல்லைச் சோதனையிலிருந்து காப்புரிமையை விலக்கினார்கள். ஆனால் வணிகக்குறி (டிரேட்மார்க்) தகராறுகள் உள்ளேயே இருந்தன.

கையெழுத்தான ஒப்பந்தத்தை மக்களால் எப்படி நிறுத்த முடிந்தது?

கையெழுத்துக்கும், அதை முறைப்படி ஏற்று உறுதிசெய்யும் ஒப்புறுதிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள்.

2011 அக்டோபர் 1-ல் டோக்கியோவில் அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட 8 நாடுகள் கையெழுத்திட்டன. 2012 ஜனவரி 26-ல் அங்கேயே ஐரோப்பிய ஒன்றியமும் அதன் 27 உறுப்பு நாடுகளில் 22-ம் போட்டன. ஆனால் 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கைப்படி, இத்தகைய ஒப்பந்தத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். அங்கே ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். குற்றவியல் பிரிவுகள் இருந்ததால் ஒவ்வொரு உறுப்பு நாடும் தனியாகவும் ஒப்புறுதி செய்யவேண்டியிருந்தது. எனவே எதிர்ப்பாளர்கள் தட்டுவதற்கு இரண்டு கதவுகள் கிடைத்தன.

போலந்தில் ஜனவரிக் கடுங்குளிரில் இளைஞர்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் முகமூடி அணிந்து நாடாளுமன்றத்திலேயே நின்றார்கள். கையெழுத்தான அன்றே, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்தை ஆராயும் பொறுப்பிலிருந்த காதர் ஆரிஃப், நடந்தது வெறும் நாடகம் என்று சொல்லி அப்பொறுப்பைத் துறந்தார். டோக்கியோவில் கையெழுத்திட்ட ஸ்லோவேனியத் தூதர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிப்ரவரி 3-ல் போலந்துப் பிரதமர் டொனால்டு டஸ்க் ஒப்புறுதியை நிறுத்திவைத்தார். 10-ஆம் தேதி ஜெர்மனி ஒதுங்கிக்கொண்டது. 11-ஆம் தேதி ஐரோப்பா முழுக்கப் பல நகரங்களில் ஒரே நாளில் ஊர்வலம்.

ஊர்வலம் படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த நான்கு மாதம் நடந்த சத்தமில்லாத வேலைதான் வாக்குகளைத் திருப்பியது என்பது எங்கள் கணிப்பு. பிரான்ஸின் லா குவாத்ரத்யூர் தியூ நெட் என்ற அமைப்பு, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகத்துக்கு யாரும் இலவசமாகத் தொலைபேசியில் பேச ஒரு வலைக்கருவியை நடத்தியது. ஒவ்வொரு நாடாளுமன்றக் குழுவும் வாக்களிக்கும் வாரத்தில் அந்தக் குழு உறுப்பினர்களுக்கே அழைப்புகள் போயின. கருத்துச் சொல்லவேண்டிய நான்கு குழுக்களும் எதிராகச் சொல்லின. ஜூன் 21-ல் வணிகக் குழு 19-க்கு 12 என்று நிராகரிக்கப் பரிந்துரைத்தது. ஜூலை 4-ல் முழு அவையில் எதிர்த்து 478, ஆதரித்து 39, வாக்களிக்காமல் விலகியோர் 165. நடைமுறைக்கு வர 6 ஒப்புறுதி தேவை. ஜப்பான் ஒன்று மட்டுமே செய்தது.

2019-ல் ஐரோப்பியப் பதிப்புரிமை நெறியுரையில் மட்டும் எதிர்ப்பு தோற்றது ஏன்?

நெறியுரை என்பது உறுப்பு நாடுகள் தத்தம் சட்டமாக்கவேண்டிய பொது விதி. அதில் பிரிவு 13 என்று பேசப்பட்டு, கடைசியில் பிரிவு 17 ஆனதைக் கேட்கிறீர்கள். பயனர்கள் ஏற்றும் உள்ளடக்கத்துக்குப் பெரிய தளங்களையே பொறுப்பாக்கும் பிரிவு அது. 2019 மார்ச் 26-ல் 348-க்கு 274 என்று நிறைவேறியது. திருத்தங்களைத் தனியாக எடுத்து வாக்கெடுக்கலாமா என்ற முன்வாக்கெடுப்பு வெறும் 5 வாக்கில் தோற்றது. தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று சில உறுப்பினர்கள் பிறகு பதிவேட்டைத் திருத்தினார்கள். அப்படித் திருத்தினாலும் முடிவு மாறாது என்பது அவை விதி.

காரணம் இரண்டு. இம்முறை நெறியுரையை ஆதரித்து எதிரே நின்றவர்கள் இசைக்கலைஞர்கள், எழுத்தாளர்கள், செய்தித்தாள்கள். உரிய ஊதியம் கிடைக்கவில்லை என்ற அவர்களுடைய குறை பொய்யில்லை. அதற்கு மாற்று வழி என்ன என்று எதிர்ப்பு அணி தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டாவது, ஒரே வாசகத்தில் குவிந்த மின்னஞ்சல்கள். மனிதர்கள் அனுப்பியதையும் 'இயந்திரம் அனுப்பியது' என்று ஒதுக்க அது வசதியாகப் போயிற்று.

முழுத் தோல்வி என்றும் சொல்லமாட்டோம். 2022 ஏப்ரல் 26-ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிவு 17-ஐ ஏற்றது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டதையும் உட்படாததையும் பிரித்தறியத் தெரியாத தானியங்கி வடிகட்டியைப் பயன்படுத்தக்கூடாது என்று எல்லை கட்டியது.

திருட்டுத் தளத்தை மட்டும் முடக்கினால் போதுமே, நல்ல தளங்கள் ஏன் சேர்ந்து விழுகின்றன?

முடக்கும் முறையைப் பொறுத்தது. டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் முறை. டி.என்.எஸ். முடக்கத்தில், தளத்தின் பெயரைக் கேட்கும்போது இணைப்பு நிறுவனத்தின் சர்வர் பொய்யான முகவரி தரும், அல்லது ஒன்றும் தராது. ஒரு முழுப் பெயர்தான் இதன் சிறிய அளவு. ஆயிரம் பக்கமுள்ள தளத்தில் ஒரு பக்கம் தவறென்றால் ஆயிரமும் போகும். தவிர, டி.என்.எஸ்.செக் என்ற பாதுகாப்பு முறையில் பதில்களுக்கு மின்கையொப்பம் உண்டு. இடையில் பொய்ப் பதில் புகுந்தால் சரிபார்க்கும் கணினிக்கு அது தாக்குதலாகவே தெரியும். திருட்டுத் தளங்களை முடக்க அமெரிக்காவில் வந்த சோப்பா, பிப்பா மசோதாக்களைப் பொறியாளர்கள் எதிர்த்ததற்கு இது முக்கியக் காரணம். அவற்றை எதிர்த்து 2012 ஜனவரி 18-ல் ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருண்டது. இரண்டே நாளில் அந்த மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்டன.

தளத்தின் எண் முகவரியையே அடைக்கும் ஐ.பி. முடக்கம் அதைவிட முரடு. பல தளங்களைத் தன் சர்வர்கள் வழியாகத் தரும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையில் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் தொடர்பே இல்லாத ஏராளமான தளங்கள் இருக்கும். இத்தாலியின் 'பைரசி ஷீல்டு' என்ற முடக்க ஏற்பாடு 2024 பிப்ரவரியில் வந்தது. உரிமையாளர் புகார் கொடுத்த 30 நிமிடத்துக்குள் இணைப்பு நிறுவனங்கள் முடக்கவேண்டும். அதே மாதம் கிளவுட்ஃப்ளேர் முகவரி ஒன்று முடங்கி, குற்றமற்ற தளங்கள் விழுந்தன. அக்டோபரில் கூகுள் டிரைவே சிக்கியது. முப்பது நிமிடத்தில் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது.

என் வீடியோவை டி.எம்.சி.ஏ. (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்) புகாரில் எடுத்துவிட்டார்கள். நான் விமர்சனத்துக்காகச் சில நொடிகள்தான் காட்டியிருந்தேன். என்ன செய்வது?

முதலில், வந்தது டி.எம்.சி.ஏ. அறிவிப்பா, யூடியூபின் தானியங்கி கன்டென்ட் ஐடி உரிமைகோரலா என்று பாருங்கள். இரண்டாவதாகச் சொன்னது சட்ட அறிவிப்பே இல்லை. தளத்தின் உள்ளேயே மறுப்புத் தெரிவிக்கலாம், உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

டி.எம்.சி.ஏ. என்றால், 1998-ஆம் ஆண்டின் அந்த அமெரிக்கச் சட்டத்தில் 512-ஆம் பிரிவின்படி எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதில் இவை அத்தனையும் இருக்கவேண்டும்: உங்கள் கையொப்பம் (மின்கையொப்பம் போதும்), எடுக்கப்பட்டது எது, எந்த முகவரியில் இருந்தது, தவறுதலாக அல்லது அடையாளம் மாறி எடுக்கப்பட்டது என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக, பொய்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி, பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகவும் வழக்கு ஆவணங்களைப் பெற்றுக்கொள்வதாகவும் ஒப்புதல். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர், சேவை நிறுவனம் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தை ஏற்கவேண்டும். புகார் தந்தவர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்கவேண்டும்.

ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் விடுபடுவது நீதிமன்ற ஒப்புதல் வரி. 'இது என்னுடையதுதான்' என்று கோபமாக எழுதுவதால் பயனில்லை. எத்தனையாவது நொடி முதல் எத்தனையாவது நொடி வரை, எந்தக் கருத்தை விளக்க என்று எழுதுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: நீங்கள் தரும் பெயரும் முகவரியும் புகார் தந்தவர் கைக்குப் போகும். அதிகாரத்தில் இருப்பவரை விமர்சித்த வீடியோ என்றால், உங்கள் முகவரியைத் தெரிந்துகொள்வதற்காகவே பொய்ப் புகார் வந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், வந்த அறிவிப்பின் நகலை லூமன் என்ற பொது ஆவணக் களஞ்சியத்தில் சேருங்கள். ஒரே ஆள் எத்தனை பேரை மிரட்டுகிறார் என்பது அங்கேதான் வெளியே தெரிகிறது.

எங்கள் குழு ஒரு புதிய வணிக ஒப்பந்தத்தின் பதிப்புரிமைப் பகுதியை எதிர்த்து மனு எழுதுகிறது. எதில் கவனம் வேண்டும்?

கடைசி வரைவு எது என்பதில். ஆக்டா காலத்தில் இதில்தான் நிறையப் பேர் சறுக்கினார்கள். மூன்று முறை புகார் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் விதி பழைய கசிவு ஒன்றில் இருந்தது. இறுதி வாசகத்தில் இல்லை. ஆனாலும் 2012 வரை துண்டறிக்கைகளில் அது சுற்றிக்கொண்டிருந்தது. 'இல்லாத விதியை எதிர்க்கிறார்கள்' என்று சொல்லி அதிகாரிகள் எல்லா எதிர்ப்பையும் சேர்த்துத் தள்ள அது உதவியது.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். பிரிவு எண், அதன் வாசகம், அதனால் யாருக்கு என்ன நேரும், அதற்குப் பதில் என்ன சொல் வேண்டும். 'நீதிமன்ற உத்தரவின் பேரில்', 'தவறான புகாருக்கு இழப்பீடு' போன்ற சொற்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். படைப்பாளிகளுக்கு உரிய ஊதியம் கிடைக்க உங்கள் யோசனை என்ன என்று ஒரு பத்தியாவது இருக்கட்டும். கையெழுத்திட்டவர்கள் தத்தம் உறுப்பினருக்குச் சொந்த வாசகத்தில் தனித்தனியே அனுப்பவேண்டும். முழு அவை வாக்கெடுப்புவரை காத்திருக்காமல், குழு கூடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே உதவியாளர் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.