ராக்கெட் கம்பெனி பங்கு வாங்கலாமா?

கேள்வி: உடன்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வருவதால் எங்கள் ஊரில் இப்போது எல்லோருக்கும் ராக்கெட் பேச்சுதான். என் கொழுந்தன் மகன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். ஒரு தனியார் ராக்கெட் கம்பெனியின் பங்கு, ஐபிஓ (பங்கைப் பொதுமக்களுக்கு முதல்முறையாக விற்பது) வருவதற்கு முன்பே மலிவாகக் கிடைக்கிறதாம். குறைந்தது 2 லட்சம் போட வேண்டுமாம். “ஸ்பேஸ்எக்ஸ் பங்கை அன்றைக்கே வாங்கியவங்க இன்னைக்கு எங்க இருக்காங்க பாருங்க பெரியம்மா” என்கிறான். அடுத்த மாதம் எனக்கு 4 லட்சம் டெபாசிட் முதிர்கிறது. மகள் இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். போடலாமா?
- ஒரு வாசகி, உடன்குடி

பதில்: வேண்டாம் சகோதரி, அந்த 2 லட்சத்தை அனுப்பாதீர்கள். கம்பெனி மோசம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை இங்கே எடுத்துவிட்டேன். அந்தக் கம்பெனிக்கே இப்படி ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

நம் நாட்டில் ராக்கெட் செய்யும் தனியார் நிறுவனங்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு: சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ், ஹைதராபாத்தின் ஸ்கைரூட் ஏரோஸ்பேஸ். இரண்டுமே ‘பிரைவேட் லிமிடெட்’ என்ற பெயரில் தொடங்கியவை. 2013 கம்பெனிச் சட்டப்படி அப்படிப்பட்ட கம்பெனி பொதுமக்களிடம் ‘எங்கள் பங்கை வாங்குங்கள்’ என்று கேட்கவே கூடாது. ஊழியர்களைக் கணக்கில் சேர்க்காமல் பங்குதாரர்கள் 200 பேரைத் தாண்டக் கூடாது. புதிய பங்கு கொடுப்பதானால் இன்னாருக்கு என்று பெயர் குறித்துக் கடிதம் கொடுத்து, வங்கி வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும். விளம்பரம் செய்யவும் தடை. ஆகவே முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு வாட்ஸ்அப்பில் ‘கடைசி வாய்ப்பு’ என்று செய்தி வந்தால், கம்பெனி நேரடியாக விற்கிறது என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

சரி, கம்பெனி விற்கவில்லை, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் விற்கிறார் என்று உங்கள் கொழுந்தன் மகன் சொல்லக்கூடும். அது நடக்கிற விஷயம்தான். ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு ஈசாப் என்ற பெயரில் கம்பெனிப் பங்கும் தருவார்கள். ஆரம்பத்தில் பணம் போட்டவர்களும் ஒரு கட்டத்தில் விற்க நினைப்பார்கள். ஆனால் பிரைவேட் கம்பெனியின் பங்கு இஷ்டத்துக்குக் கைமாறாது. பெரும்பாலும் பழைய முதலீட்டாளர்களிடம் முதலில் கேட்க வேண்டும், இயக்குநர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் மறுத்தால், தரகரிடம் நீங்கள் கொடுத்த பணம் ஒரு பக்கம், பங்கு இன்னொரு பக்கம் என்று நிற்கும். வில்லங்கச் சான்று பார்க்காமல் மனைக்கு முன்பணம் கொடுத்த கதைதான். பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்குகளை விற்கும் சில இணையத் தளங்களுக்கு அனுமதி கிடையாது என்று 2024 டிசம்பரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியே எச்சரித்தது.

எல்லாம் முறைப்படி நடந்தாலும் விலை சரியா என்று பார்க்க வழியில்லை. ராக்கெட்டை விடுங்கள். எச்டிபி ஃபைனான்சியல், பெரிய வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, நல்ல லாபத்தில் இருந்த கம்பெனி. அதன் பங்கு, பட்டியலிடுவதற்கு முன் தரகர்களிடம் 1,200 ரூபாய்க்கு மேல் போனது. 2025 ஜூனில் ஐபிஓ வந்தபோது நிர்ணயித்த விலை 740. முன்கூட்டி வாங்கிய கெட்டிக்காரர்களுக்குச் சந்தை திறக்கும் முன்பே நஷ்டம். அதோடு, இப்படி முன்பே வாங்கிய பங்கை ஐபிஓவுக்குப் பிறகு ஆறு மாதம் விற்க முடியாது என்ற பூட்டும் உண்டு.

ஸ்பேஸ்எக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2002-ல் எலான் மஸ்க் தொடங்கிய அமெரிக்க ராக்கெட் கம்பெனி அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பட்டியலிடப்படாமலே இருந்தது. 2015-ல் கூகுளும் ஃபிடெலிட்டி என்ற பெரிய முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 100 கோடி டாலர் போட்டு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கை வாங்கின. “அன்றைக்கே வாங்கியவங்க” என்றால் இவர்கள் மாதிரி ஆட்கள், அப்புறம் அங்கே வேலை செய்தவர்கள். அமெரிக்காவிலேயே இதுபோன்ற பங்கை வாங்க, குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காமல் 10 லட்சம் டாலர் சொத்து இருக்க வேண்டும், அல்லது ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும். அங்கே தையல் கடை நடத்தும் பெண்ணாலும் அன்றைக்கு வாங்கியிருக்க முடியாது.

சாமானியருக்காக ஒரு பக்கவாசல் திறந்தார்கள். ஸ்பேஸ்எக்ஸ் உட்படப் பட்டியலிடாத கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் டெஸ்டினி டெக்100 என்ற நிதியம் 2024 மார்ச்சில் நியூயார்க் சந்தைக்கு வந்தது. ஒரு யூனிட்டுக்குள் இருந்த சொத்தின் மதிப்பு சுமார் 5 டாலர். ஆசைப்பட்டு வாங்கியவர்கள் சில நாளிலேயே அதை 100 டாலர் வரை ஏற்றிவிட்டார்கள்! பிறகு அதில் பெரும்பகுதி கரைந்தது. ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட் ஏதோ தோற்றதால் வந்த நஷ்டமல்ல இது. 5 ரூபாய்ப் பொருளுக்கு 100 கொடுத்ததால் வந்தது.

தொழிலும் லேசானதல்ல. ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் 2022 நவம்பரிலும், அக்னிகுல்லின் சோதனை ராக்கெட் 2024 மே மாதத்திலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பின. அக்னிகுல் ராக்கெட்டின் எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அச்சிட்டது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் இரண்டும் மேலே போய்த் திரும்பி விழும் பயணங்கள். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தி, அதற்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்கி, அந்தக் காசில் லாபம் பார்ப்பது வேறு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் போன விர்ஜின் ஆர்பிட், செயற்கைக்கோள்களை வெற்றிகரமாக நிறுத்திக் காட்டிய கம்பெனி, 2021 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. 2023 ஜனவரியில் ஓர் ஏவுதல் தோற்றது. ஏப்ரலில் திவால். அதே காலத்தில் பட்டியலான ராக்கெட் லேப் 2024 ஏப்ரலில் 4 டாலருக்கும் கீழே கிடந்தது; அந்த ஆண்டு முடியும்போது 20 டாலருக்கு மேல். இரண்டில் எது எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். அந்த வாட்ஸ்அப் குழுக்காரர் அவர்களில் ஒருவராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

முறைப்படி நுழைய ஒரு வழி உண்டு: வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டிப் பட்டியலிடாத கம்பெனிகளிலும் போடும், ஏஐஎஃப் எனப்படும் மாற்று முதலீட்டு நிதியம். பொதுவாகக் குறைந்தபட்சத் தொகை 1 கோடி. அதனால் நமக்கு அந்தப் பேச்சு தேவையில்லை. விண்வெளித் துறைக்குப் பாகங்கள் செய்யும் எச்ஏஎல், எல் அண்ட் டி, எம்டார், சென்னையின் டேட்டா பேட்டர்ன்ஸ் போன்றவை ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வழியாக யாரும் வாங்கலாம். ஆனால் எச்ஏஎல் பங்கை வாங்கினால் முக்கியமாகப் போர் விமானத் தொழிலை வாங்குகிறீர்கள், ராக்கெட் அதில் ஓரமாக இருக்கும். இரண்டு வருடத்தில் தேவைப்படும் கல்லூரிப் பணத்துக்கு இவையும் ஏற்ற இடமல்ல. அந்த 4 லட்சத்தை டெபாசிட்டிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

கொழுந்தன் மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது? தனி ஆளின் பெயரோ, சம்பந்தமில்லாத ஒரு டிரேடர்ஸ் பெயரோ வந்தால் அவனைக் குழுவிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். அவன் ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கட்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும்.

இந்தக் கம்பெனிகளில் ஒன்று என்றாவது ஐபிஓ கொண்டுவந்தால், வரவு செலவும் ஆபத்துகளும் எழுதிய வரைவு ஆவணம் செபி இணையதளத்தில் வரும். லாபக் கணக்கு காட்ட முடியாத கம்பெனியானால் சிறு முதலீட்டாளருக்கு 10 சதவீதம்தான் ஒதுக்குவார்கள், கிடைக்காமலும் போகலாம். ஆசைக்கு ஒரு லாட் (குறைந்தது கேட்க வேண்டிய பங்குகளின் தொகுப்பு) கேட்டுப் பாருங்கள். அதற்கு 15,000 ரூபாய் போல ஆகும்; பங்கு ஒதுக்கும் வரை அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயேதான் இருக்கும்.